நாப்பத்தி ஒண்ணாவது கையெழுத்து

இருக்குதுங்க அம்மிணி. ஆட்சேபணை இருக்குதுன்னே எழுதிக்கோங்க. போன வருசத்து மனுவுல மொதல் கையெழுத்து என்னோடதுதான். வசந்தாமணி, மகளிர் குழுத் தலைவி, செல்வலட்சுமி லேஅவுட்டு. அன்னைக்கு ஒரு பேச்சு இன்னைக்கு ஒரு பேச்சுன்னு மாத்திப் பேசற ஆளு நானில்லீங்க.

வாசல்லயே நின்னா எப்படி, உள்ள வாங்க. அந்தச் சேர் ஒரு பக்கம் ஆடும், இதுல உக்காருங்க. சித்தே மோர் குடிங்க, வெயில் இந்தப் போடு போடுது. கலெக்டர் ஆபீஸ்ல இருந்து நீங்க வீடு வீடா வர்றீங்கன்னு எதுத்த வீட்டு வளர்மதி காலைலயே சொன்னாள். அந்தக் குடி மறுவாழ்வு மையத்துக்காரங்க மறுபடியும் இதே வீதில தெறக்கோணும்னு கேட்டிருக்காங்களாம். அன்னைக்குக் கையெழுத்துப் போட்டவங்களை எல்லாம் பாத்து, இன்னும் ஆட்சேபணை இருக்குதா இல்லையான்னு நேர்ல எழுதிட்டுப் போறீங்களாம். நாப்பத்திமூணு பேரு. ரெண்டு நாள் ஆகும் உங்களுக்கு.

செவுத்துல என்ன பாக்கறீங்க, அந்தப் போட்டோவா? அது எம்பையன் பூபதிங்க. போன மார்கழில போயிட்டான். முப்பத்திநாலு வயசு. குடிச்சுச் செத்தான்னு வீதில ஒரு பேச்சு இருக்குது, உங்க காதுலயும் போட்டிருப்பாங்க. அது சுத்தப் பொய்யிங்க. அவன் குடிக்காம இருந்தப்பத்தான் போனான். மாலை போட்டு, விரதம் இருந்து, சாமி வந்து போனான். ஊரே பாத்துச்சு.

இந்த வீதியைப் பத்திச் சொல்லோணும். மொத்தம் அறுவது வீடு. எல்லாரும் லோன் போட்டு, வட்டி கட்டி, வயித்தைக் கட்டி வந்தவங்க. மூலைல இருக்கற பெரிய வீடு ரைஸ்மில்காரர் வீடு. அவங்க மகனோட மெட்ராஸ் போனதும் ரெண்டு வருசம் பூட்டிக் கெடந்துச்சு. போன தீவாளி நோம்பி முடிஞ்ச வாரத்துல வெள்ளை அடிச்சாங்க. யாரோ டாக்டர் வர்றாங்கன்னு நெனைச்சோம், சந்தோசமாத்தான் இருந்துச்சு. அப்பறம் பாத்தா போர்டு ஏத்தறாங்க. குடி போதை மறுவாழ்வு மையம், பத்துப் படுக்கை வசதி. தெறப்பு விழாவுக்குப் பத்திரிகை அடிச்சு, வீட்டுக்கு நாலு லட்டு வெச்சுக் குடுத்தாங்க. நான் லட்டைத் தொடலை. பூபதி தின்னான்.

நீங்களே சொல்லுங்க. பொண்ணு பாக்க வர்றவங்க அந்த போர்டைத் தாண்டித்தானே வீதிக்குள்ள வரோணும்? டியூசன் போற புள்ளைங்க அந்த கேட்டைத் தாண்டித்தானே போகோணும்? குடும்பம் இருக்கற எடத்துல கொண்டாந்து குடிகாரனுங்களைப் படுக்க வெச்சா எப்படி? ஊருக்கு அக்கட்ட எத்தனை பொட்டக்காடு கெடக்குது, அங்க வெச்சுக்கட்டும். நான் தப்பாச் சொல்றனுங்களா?

மனு நானே எழுதினேன். எட்டாவதுதான் படிச்சிருக்கறேன், ஆனா குழுத் தீர்மானம் எழுதி எழுதிக் கை பழகிருச்சு. "போதைக்கு அடிமையானவர்களின் நடமாட்டத்தால் கௌரவமான குடும்பங்கள் தலைநிமிர்ந்து வாழ முடியாத நிலை உள்ளது." இந்த வரி என்னோடது. கலெக்டர் ஆபீஸ்லயே யாரு எழுதுனதுன்னு கேட்டாங்க. மூணே நாள்ல கையெழுத்து வாங்கிட்டேன். தெனம் பொழுதோட கடைக்குப் போயிட்டுச் செவுத்தைப் புடிச்சுட்டு வீடு வந்து சேர்ற வாத்தியார் இருக்காரே, அவரும் போட்டாரு. சமுதாயம் கெட்டுப்போச்சும்மான்னு சொல்லிட்டுப் போட்டாரு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு.

எம்பையன் அந்த மாதிரி இல்லீங்க. அவனுக்கும் பழக்கம் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லலை. எந்த ஆம்பளைக்கு இல்லை? அவங்கப்பா போனதுக்கப்பறம் கொஞ்சம் கூடுச்சு, அவ்வளவுதான். ஒரு நாளும் வீதில விழுந்ததில்லை. என்னை ஒரு வார்த்தை எதுத்துப் பேசினதில்லை. குடிச்சுட்டு வந்தா செருப்பைக் கைல எடுத்துட்டுச் சத்தமில்லாம உள்ள போயிப் படுத்துக்குவான். மருமக ரெண்டு வருசமா அவங்கம்மா வீட்டுல இருக்கறாள். ஒத்து வரலை, வேற ஒண்ணும் காரணம் இல்லை.

அவனுக்கு மோட்டார் வைண்டிங் வேலை. இதோ முன்னால போர்ட்டிகோவுலதான் உக்காந்து கட்டுவான். கெணத்து மோட்டார் எரிஞ்சு போச்சுன்னா காங்கேயத்துல இருந்தெல்லாம் இவனைத் தேடி வருவாங்க. செம்புக் கம்பியைச் சுத்துச் சுத்தா எண்ணி எறக்குவான், ஒரு சுத்துத் தப்பாது. காலைல மட்டும் வேலை ஓடாது. கருவியை எடுப்பான், கீழ வெப்பான், எடுப்பான், வெப்பான். பதினோரு மணிக்கு மேல சைக்கிளை எடுத்துட்டு ஒரு சுத்துப் போயிட்டு வந்தான்னா அப்பறம் கை ஓடும் பாருங்க, அப்படி ஓடும். சின்ன வயசுலயே அவன் காலைல மந்தம்தான். நான் அப்படித்தான் நெனைச்சேன்.

கையெழுத்துக் கேக்கறப்பவும் காலைலதான் கேட்டேன். நாப்பது பேரு போட்டாச்சு, எம்பையன் போடலைன்னா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்கல்ல. தாளை வாங்கி முழுக்கப் படிச்சான். வெகு நேரம் படிச்சான். இந்த வரி நீ எழுதுனதாம்மான்னு கேட்டான். ஆமான்னேன். நல்லா எழுதியிருக்கறம்மான்னான். எனக்குப் பெருமை தாங்கலை. போடு சாமி, பத்து மணிக்கு நகல் எடுக்கோணும்னேன். "பொழுதோட போடறம்மா, இப்ப எழுத்து நல்லா வராது"ன்னான்.

சொன்ன மாதிரியே பொழுதோட, வெளக்கு வெக்கற நேரத்துல போட்டான். அச்சடிச்ச மாதிரி. ந. பூபதின்னு, புள்ளியெல்லாம் சரியா வெச்சு. நாப்பத்திமூணுலயும் அதுதான் அழகான கையெழுத்துன்னு வளர்மதிகிட்டச் சொல்லிட்டு இருந்தேன். காலைல ஏன் போடலைன்னு நான் யோசிக்கவே இல்லீங்க.

அதுக்கு முந்தி ஒரு நாளு, சாப்பிட்டுட்டு இருக்கறப்பக் கேட்டான். அம்மா, அந்த மூலை வீட்டுல சேரோணும்னா வீட்டு ஆளு யாராச்சும் கூட வந்து எழுதிக் குடுக்கோணுமாமான்னு. உனக்கெதுக்கு அதெல்லாம்னேன். சும்மாதான், மோட்டார் கொண்டாந்த ஒருத்தன் விசாரிச்சான்னான். அந்த ஒருத்தன் அவங்க வீட்டு ஆளைக் கேக்கட்டும், உனக்கென்னன்னு சொல்லிட்டு ரசம் ஊத்தினேன். அதுக்கப்பறம் அவன் அந்தப் பேச்சை எடுக்கலை.

திங்கக்கெழமை மனு குடுத்தோம். பேப்பர்ல போட்டோவோட வந்துச்சு. ரைஸ்மில்காரரு மெட்ராஸ்ல இருந்து போன் பண்ணி, வீதியோட எனக்குச் சண்டை வேண்டாம், வீட்டைக் காலி பண்ணுங்கன்னு அவங்ககிட்டச் சொல்லிட்டாரு. தெறந்து முழுசா ஒரு மாசம்கூட ஆகலை. ஆறு பேரு உள்ள இருந்தாங்க. ஒரு வேன் வந்துச்சு, பையைத் தூக்கிட்டு ஒவ்வொருத்தரா ஏறினாங்க. நல்ல வீட்டுப் பசங்களாட்டத்தான் இருந்தாங்க, ஒருத்தன் எங்களைப் பாத்துக் கும்புட்டுட்டுப் போனான். நான் அன்னைக்கு வீதிக்கே கேசரி கிண்டினேன். பூபதி கேட்டைப் புடிச்சுட்டு நின்னான், அந்த வேன் திரும்பி மெயின் ரோடு ஏறற வரைக்கும் நின்னான். கேசரியைத் தொடவே இல்லை.

குடிங்க, மோர் அப்படியே இருக்குது.

எனக்கு எம்பையனைத் திருத்தத் தெரியாதா என்ன? மையம் எதுக்கு, மாத்திரை எதுக்கு. நாலு வருசமா மார்கழி ஒண்ணாந் தேதி முருகனுக்கு மாலை போட்டு விடுவேன். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போயிட்டு வந்து கழட்டற வரைக்கும் நாப்பத்தெட்டு நாள், ஒரு சொட்டுத் தொட மாட்டான். கழட்டின அன்னைக்குப் பொழுதோட போயிடுவான், அது வேற. ஆனா அந்த நாப்பத்தெட்டு நாளும் எம்பையன் எனக்கு முழுசாக் கெடைப்பான். சாமி, குளிச்சிட்டீங்களா, சாமி, சாப்பிட வாங்கன்னு நானே அவனை வாங்க போங்கன்னுதான் கூப்பிடுவேன். மாலை போட்டவங்களை அப்படித்தானே கூப்பிடோணும். வருசத்துல மிச்ச நாளெல்லாம் அந்த நாளுக்குத்தான் காத்துட்டு இருப்பேன்.

ஒவ்வொரு வருசமும் மொத ரெண்டு மூணு நாளு நடுங்குவான். மார்கழிக் குளுருல விடியால தலைக்குப் பச்சைத் தண்ணி ஊத்தினா யாருதான் நடுங்க மாட்டாங்க. கசாயம் வெச்சுக் குடுப்பேன், சரியாயிரும். போன வருசம் மட்டும் முன்கூட்டியே சொன்னான். "இந்த வருசம் மாலை வேண்டாம்மா, ஒடம்பு தாங்காதுன்னு தோணுது"ன்னான். எம்பையன் என்கிட்ட வேண்டாம்னு சொன்னது அது ஒண்ணுதான். முருகன் பாத்துக்குவான் சாமி, நீ கழுத்தைக் குனின்னேன். குனிஞ்சான்.

மொத நாள் நடுக்கம். ரெண்டாம் நாள் சோறு எறங்கலை, வேர்த்துக் கொட்டுது, அந்தக் குளுருலயும் சட்டை நனைஞ்சு போச்சு. மூணாம் நாள் காலைல செவுத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கறான். என்ன சாமின்னா, எறும்பு ஊருதும்மா, மாலை மேல ஏறுதுங்கறான். தட்டித் தட்டி விடறான். அங்க ஒரு எறும்பு இல்லை. அப்பறம் யாருகூடவோ பேச ஆரம்பிச்சான். வர்றேன், இதோ வர்றேன், கேட்டைத் தெறந்து வைங்கன்னு. கண்ணு எங்கயோ நிக்குது. ஒடம்பு முச்சூடும் ஆடுது.

எனக்குப் புல்லரிச்சுப் போச்சுங்க. முருகன் கூப்பிடறான், எம்பையன் மேல வந்துட்டான்னு நெனைச்சேன். வளர்மதியைக் கூப்பிட்டேன். அவ வந்து பாத்ததும் கன்னத்துல போட்டுக்கிட்டாள். அஞ்சு நிமிசத்துல வீடு நெறைஞ்சு போச்சு. கற்பூரம் காட்டினாங்க. வேப்பந்தழை போட்டு மஞ்சத் தண்ணி கரைச்சு, குடம் குடமாத் தலைல ஊத்தினாங்க. வளர்மதி தன் மகளுக்குக் கண்ணாலம் எப்பன்னு கேட்டாள். வாத்தியார் வந்து பென்சன் விசயம் கேட்டாரு. இவன் என்னமோ சொன்னான், ஒண்ணும் புரியலை, அவங்களே ஆளுக்கொரு அர்த்தம் சொல்லிக்கிட்டாங்க. எல்லாரும் வரிசையா அவன் கால்ல விழுந்தாங்க. முப்பத்திநாலு வருசத்துல எம்பையனை ஊரு மதிச்சது அந்த அரை மணி நேரம்தான். நானும் விழுந்தேன். பெத்த பையன் கால்ல விழுந்து, இனி இவனை விட்டுறாதே முருகான்னு கேட்டேன். குனிஞ்ச என் தலைக்கு மேல அவன் கூப்பிட்டான். அம்மா, அம்மான்னு ரெண்டு தடவை. சாமி எல்லாப் பொம்பளைங்களையும் அம்மான்னுதானே கூப்பிடும்னு நான் எந்திரிக்கலை.

அப்பறம் ஒரே வெட்டா வெட்டிட்டு விழுந்தான். கையும் காலும் இழுத்துச்சு, வாயில நுரை வந்துச்சு. சாமி மலையேறுது, யாரும் தொடாதீங்கன்னாங்க. அடங்கினதும் பாய்ல படுக்க வெச்சு, நெத்தி நெறையத் துண்ணூறு பூசி, தூங்கட்டும்னு விட்டுட்டோம். நான் வந்தவங்களுக்கெல்லாம் காப்பி போட்டேன். ஒரு மணி நேரம் இருக்கும். மறுபடி இழுத்தப்பத்தான் வளர்மதி வீட்டுக்காரரு காரை எடுத்தாரு.

ஆஸ்பத்திரில சின்ன வயசு டாக்டர். மொதக் கேள்வியே, கடைசியா எப்பக் குடிச்சாரும்மான்னுதான். எம்பையன் மாலை போட்டிருக்கறானுங்க, குடிக்கறதில்லைன்னேன். மாலை போடறதுக்கு முந்திம்மா, தெனம் குடிப்பாரா, காலைலயே குடிப்பாரான்னாரு. அந்தப் பழக்கமே கெடையாதுங்கன்னேன். பக்கத்துல நாலு பேரு நின்னாங்க அம்மிணி, நம்ம ஊருக்காரங்க. மூணாந் தடவையும் கேட்டாரு. இது தெரிஞ்சாத்தான் என்ன மருந்துன்னு முடிவு பண்ண முடியும்னு சொல்லித்தான் கேட்டாரு. மூணு தடவையும் இல்லைன்னேன். வளர்மதிதான் பின்னால நின்னுட்டு, தெனம் குடிப்பான் டாக்டர், காலைல பதினோரு மணிக்கே போவான், வீதிக்கே தெரியும்னு சொன்னாள். நான் அப்பவும் திரும்பி அவளை மொறைச்சேன்.

மருந்து ஏத்தினாங்க. பொழுது சாயறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. மாலையை நர்ஸ் கழட்டி ஒரு கவர்ல போட்டுக் குடுத்துச்சு.

அந்த மையத்துல ரெஜினான்னு ஒரு அம்மா இருந்தாங்க. ஆலோசகரோ என்னமோ. எழவுக்கு வந்திருந்தாங்க. உள்ள வரலை, கேட்டுக்கு வெளிய நின்னாங்க, எடுக்கற வரைக்கும் வெயில்ல நின்னாங்க. ஒரு வார்த்தை பேசலை. பேசியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன், எனக்குக் கொஞ்சம் லேசாயிருக்கும்.

ஏன்னா அவங்க முந்தியே ஒரு தடவை வந்தாங்க. மனு குடுக்கறதுக்கு மொத நாள், ஞாயித்துக்கெழமை காலைல. இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்லை, வளர்மதிக்குக்கூடத் தெரியாது. கேட்டுல நின்னு பேசினாங்க, நான் உள்ள கூப்பிடலை. மனுவைப் பத்திப் பேச வந்தவங்க பேச்சை நிறுத்திட்டு போர்ட்டிகோவையே பாத்தாங்க. பூபதி அங்க உக்காந்து கருவியை எடுக்கறான், வெக்கறான். அவன் கையைப் பாத்தாங்க. அப்பறம் என்கிட்ட மெதுவா, "மனு குடுங்கம்மா, அது உங்க இஷ்டம். ஆனா இவரை ஒரேயடியா நிறுத்த வெச்சுராதீங்க. இந்த அளவுக்கு வந்தவங்க டக்குன்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. மருந்து குடுத்துக் கொஞ்சங் கொஞ்சமாத்தான் நிறுத்தோணும். அஞ்சு நாள் என்கிட்ட விடுங்க, வீதிக்குத் தெரியாமப் பின் கேட் வழியாக் கூட்டிட்டு வாங்க"ன்னாங்க.

யாரு வீட்டுல வந்து யாரைப் பத்திப் பேசறீங்கன்னு கேட்டேன். எம்பையனுக்குக் காச்சல், அதான் கை நடுங்குதுன்னேன். சத்தமாத்தான் சொன்னேன். பூபதி தலையைத் தூக்கலை. கம்பியையே பாத்துட்டு இருந்தான். அவனுக்குக் கேட்டிருக்கும். பத்தடி தூரம்தானே, கேட்காம எப்படி இருக்கும். அவன் எந்திரிச்சு வந்திருந்தான்னா, அம்மா நான் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தான்னா நான் என்ன வெட்டியா போட்டிருப்பேன்? சொல்லலையே. அன்னைக்குப் பொழுதோட வந்து கையெழுத்துல்ல போட்டுக் குடுத்தான்.

கேட்டைத் தெறந்து வைங்கன்னு அன்னைக்கு யாருகிட்டச் சொன்னான்னு நான் இப்பவும் யோசிச்சுட்டு இருக்கறேன். கோயிலுக்கு ஏதுங்க கேட்டு.

அம்மிணி, அந்த மனு உங்க பையிலதான் இருக்குதா? அவன் போட்ட பக்கத்தைக் காட்டுங்க. நகல் வேண்டாம், அசல் இருந்தாக் காட்டுங்க. இதோ. இதுதான். எவ்வளவு அழுத்திப் போட்டிருக்கறான் பாருங்க, பின்பக்கம் தடவினாத் தெரியுது. அவன் கையால எழுதினதுன்னு வீட்டுல ஒண்ணுமே இல்லீங்க. எம்பையன் சுத்துற கம்பியைத்தான் எண்ணினான், எங்கயும் எழுதி வெக்கலை. இந்த ஒரு தாளை மட்டும் கிழிச்சுக் குடுக்க முடியாதா? முடியாது, ஆபீஸ் பேப்பரு. சரிங்க. உங்களைக் கொறை சொல்லலை.

அவன் பேருக்கு நேரா என்ன எழுதப் போறீங்க? இறந்துவிட்டார்னு போட்டுக் கோடு இழுத்துருவீங்களா?

சித்தே இருங்க. கோடு இழுக்காதீங்க. மேல என்ன தலைப்புப் போட்டிருக்குது, ஆட்சேபணை தெரிவிப்பவர்கள்னு. நான் எழுதின தலைப்புத்தான். அதுக்குக் கீழ எம்பையன் பேரு இருக்குது. இப்படியே கோடு இழுத்துட்டா, அவன் ஆட்சேபணையோடதான் செத்தான்னு ஆயிருமல்ல? அவனுக்கு ஆட்சேபணை ஏதுங்க. அந்த வீட்டுக்குள்ள போகோணும்னுதான் இருந்தான். நான் நீட்டினேன், அவன் போட்டான். நான் நீட்டினா அவன் எதுலயும் போடுவான்.

எழுதுங்க அம்மிணி. நாப்பத்தி ஒண்ணாம் நம்பர், ந. பூபதி, ஆட்சேபணை இல்லை. பெத்தவ நேர்ல சொன்னாள்னு எழுதுங்க. நல்லாப் பெரிசா எழுதுங்க. அவனோடதை மொதல்ல எழுதி முடிங்க, அப்பறம் மேல வாங்க, என்னோட ஒண்ணாம் நம்பருக்கு.